ஸ்டேஷன் படி முதல் கோர்ட் படி வரை: கையில் இருக்க வேண்டிய எண்கள்

"எங்க பரம்பரையில ஒருத்தரும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று சொலவடையும் வைத்திருக்கிறோம். இந்தப் பயம் வெறும் பிரமை இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதைப் பார்த்த மக்களிடம் "சட்டத்தை நம்புங்கள்" என்று யாரும் பாடம் எடுக்க முடியாது.

நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் நம்பாதவருக்கும் ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போகவேண்டி வரும். அப்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த அமைப்பு முழுக்கக் காகிதத்தில் ஓடுகிறது. பதிவேட்டில் ஏறாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். "புகார் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல" என்று வருபவர்களிடம் ரசீது கேட்டால், பத்தில் பலர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. எஸ்.ஐ.யிடம் வாயால் சொல்லியிருப்பார்கள், அவர் "பார்க்கிறேன், போங்க" என்றிருப்பார். அது கணக்கில் வராது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நம்பிக்கை கிடைக்காவிட்டாலும் நம்பர் கிடைத்தாக வேண்டும்.

முதலில், இது போலீஸ் விஷயமா?

கைமாற்றுக் கடன் திரும்பி வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டார், வாடகைக்கு இருப்பவர் காலி செய்யவில்லை. இதெல்லாம் சிவில் விஷயம். இதற்கு எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை. "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று இவர்களை அனுப்பினால் அது சரியான பதில்தான். அதே வாசகத்தைக் குற்ற விஷயத்துக்கும் சாக்காகச் சொல்லி அனுப்புவது உண்டு. அங்கேதான் நீங்கள் விடக்கூடாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடன் வாங்கியவர் தர முடியாமல் இழுத்தடித்தால் சிவில். இல்லாத மனையைக் காட்டி முன்பணம் வாங்கியிருந்தால், அதாவது வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால், மோசடி. வரப்புத் தகராறு சிவில். அந்தத் தகராறில் மண்வெட்டியை ஓங்கி அடித்தால் குற்றம். போலிப் பத்திரம், மிரட்டல், பூட்டை உடைத்து நுழைவது எல்லாம் குற்றக் கணக்கு. ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அப்போது இரண்டு பாதையிலும் தனித்தனியாகப் போகலாம், ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நிறுத்தி வைப்பதில்தான் பெரிய நஷ்டம். பணத்தை வசூல் செய்து தரச் சொல்லி ஸ்டேஷனுக்கு அலைவார்கள். அங்கே எதிராளியைக் கூப்பிட்டு மேசைப் பஞ்சாயத்து நடக்கும். "மாசம் பத்தாயிரம் தர்றேன்" என்று எழுதிக் கொடுப்பார், இரண்டு மாதம் தந்துவிட்டு நிறுத்துவார். இதற்கிடையே சட்டக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். பிராமிசரி நோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 வருடம்தான். செக் திரும்பிய வழக்கில் கெடு இன்னும் குறுகல்: செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு. "அண்ணன் பேசி முடிச்சுத் தர்றேன்னாரு" என்று இரண்டு மாதம் காத்திருந்தால் கையில் இருப்பது வெறும் தாள். பஞ்சாயத்துப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸை முதலில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று: மார்க் ஷீட், ஆர்.சி. புத்தகம், பாஸ்போர்ட் தொலைந்துபோனால் அதற்காக ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற வசதி இருக்கிறது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

புகாரை எழுதுவது

ஸ்டேஷனில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வெறும் கையோடு போகாதீர்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினால் அது அவருடைய புகாராக இருக்கும். வீட்டிலேயே, தமிழில், வெள்ளைத் தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். நான்கைத் தாண்டினால் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள்.

அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று வழக்கமான மனு வடிவமே போதும். உள்ளே முதல் பத்தியில் சம்பவம் நடந்த தேதி, நேரம், இடம். நேரம் துல்லியமாகத் தெரியாவிட்டால் "சுமார்" போடுங்கள். பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதை நடந்த வரிசையில் எழுதுங்கள். திட்டியது புகாரில் வருகிறது என்றால், சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று மட்டும் இருந்தால் பின்னால் கோர்ட்டில் அது எதற்கும் உதவாது. கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள். யார் பார்த்தார்கள், என்ன நஷ்டம், ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, என்னென்ன ஆவணம் இணைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். சட்டப் பிரிவு எண்களை நீங்கள் போட வேண்டியதில்லை, அது அவர்கள் வேலை.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, அடித்தது ஒருவர் என்றாலும் கோபத்தில் அவர் மனைவி, மச்சான், மாமனார் எல்லோர் பேரையும் சேர்ப்பது. குறுக்கு விசாரணையில் "மாமனார் எந்தக் கையால் அடித்தார்?" என்ற கேள்வி வரும். அங்கே தடுமாறினால், உண்மையில் அடித்தவர் மேல் உள்ள வழக்கும் சேர்ந்தே விழும். இரண்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லாமல் விடுவது. சம்பவம் நடந்து நான்கு நாள் கழித்துப் போகிறீர்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்: ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதாகச் சொன்னார்கள், பயந்துவிட்டேன். எது உண்மையோ அது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டும் இடம் இந்த நான்கு நாள்தான். மூன்று, அசல் ஆவணங்களைப் புகாரோடு இணைத்துக் கொடுத்துவிடுவது. நகல் மட்டும் கொடுங்கள். விசாரணைக்கு அசல் தேவை என்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, கீழே செல்போன் எண். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும். அதை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியது ஸ்டேஷன் பொறுப்பு. படித்துக் காட்டாத தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

ஸ்டேஷனில்

தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருபவர் சண்டை போடும் ஆளாக இல்லாமல், ஓரமாக நின்று நேரத்தைக் குறித்துக்கொள்ளும் ஆளாக இருந்தால் நல்லது. எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், அவர் பெயர்ப் பட்டையில் என்ன பெயர், என்ன பதில் சொன்னார். வெளியே வந்ததும் இதை எழுதி வைத்துவிடுங்கள்.

புகாரை வாங்கியதும் தமிழ்நாட்டில் வழக்கமாகத் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. சமூகப் பணிப் பதிவேடு என்பதில் ஏற்றி ஒரு எண் போட்டுத் தருவார்கள். இதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்றில்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, அது கோர்ட்டுக்கும் போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. அதற்கு வரும் எண்ணைக் குற்ற எண் என்பார்கள், வருடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: குற்ற எண் இத்தனை, ஆண்டு இத்தனை.

அதற்காக சி.எஸ்.ஆர். வீண் என்று தள்ளிவிடாதீர்கள். நாளைக்கு மேலதிகாரியிடம் போகும்போது "இந்தத் தேதியில் கொடுத்தேன்" என்று காட்ட அதுதான் ஆதாரம். ரசீதில் ஸ்டேஷன் பெயர், எண், தேதி, கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதன் நிலவரத்தைக் காவல்துறையின் அதே இணையத் தளத்தில் பார்க்கலாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பற்றிய பழைய 154-ம் பிரிவு இப்போது 173. இதில் மூன்று விஷயம் சாதாரண மக்களுக்கு நேராகப் பயன்படும். சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப இடமில்லை. மின்னணு வழியாகத் தகவல் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் பதிவாகும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், ஜெராக்ஸ் காசுகூடக் கேட்கக் கூடாது.

உடனே எஃப்.ஐ.ஆர். போடாமல் விசாரிக்க அவர்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. 3 வருடம் முதல் 7 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். ஆகவே "விசாரிச்சிட்டுத்தான் போடுவோம்" என்று சொன்னால், "டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாச்சுங்களா சார், எந்தத் தேதியிலிருந்து 14 நாள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கும் தொனி முக்கியம். சட்டம் பேசுகிறவன் என்று பெயர் வாங்கினால் வேலை நடக்காது. சட்டம் தெரிந்தவர் என்று புரிந்தால் நடக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாரில் முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தமே சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் புலன்விசாரணை செய்ய வேண்டியவரும் டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான்.

நகல் கைக்கு வந்ததும் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து படியுங்கள். சம்பவத் தேதி, தகவல் கிடைத்த நேரம், எதிரிகளின் பெயர், உங்கள் புகாரின் வாசகம். எஃப்.ஐ.ஆரில் உங்களுடைய புகார் அப்படியே இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வேறு யாரோ சுருக்கி எழுதியது இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய முதல் விஷயம். நகல் தர இழுத்தடித்தால் இணையத்தில் எடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவு போட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு.

வாங்க மறுத்தால்

வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்பது 2013 நவம்பர் 12-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு. ஸ்டேஷனில் நின்று இதைச் சொல்லி வாக்குவாதம் செய்வதால் பயன் இல்லை. அடுத்த வாசலுக்குப் போங்கள், அதற்கும் வரிசை உண்டு.

முதலில் எஸ்.பி. மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகம். பல மாவட்டங்களில் புதன்கிழமை மனு நாள், நேரில் கொடுக்கலாம். நேரில் கொடுத்தாலும் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள், ஏனென்றால் 173-ம் பிரிவே "எழுத்து மூலம், தபாலில்" என்றுதான் சொல்கிறது. போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகல், கொடுத்த தேதி, யார் என்ன சொல்லி மறுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அதிலும் அசைவு இல்லை என்றால் மாஜிஸ்திரேட். 175-ம் பிரிவின் கீழ் எஃப்.ஐ.ஆர். பதிந்து விசாரிக்கும்படி போலீஸுக்கு உத்தரவிடக் கேட்டு மனுப் போடலாம். இதற்கு அபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) கட்டாயம். ஸ்டேஷனிலும் எஸ்.பி.யிடமும் ஏற்கெனவே போய்விட்டேன் என்பதற்கான அத்தாட்சியும் வேண்டும். இந்த இரண்டு படியைத் தாண்டாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனதாலேயே தள்ளுபடியாகும் மனுக்கள் நிறைய. தபால் ரசீதை வீசி எறிந்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

முதல்வர் தனிப்பிரிவு, 1100 உதவி எண், கலெக்டரின் திங்கள்கிழமை மனு நாள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மனு அனுப்புகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் போலீஸ் புகார் என்றால் அந்த மனு மேலிருந்து கீழே இறங்கி, பெரும்பாலும் அதே ஸ்டேஷனின் அதே மேசைக்குத்தான் வந்து சேரும். பட்டா, பென்ஷன், தெருவிளக்குக்கு அது நல்ல வழி. எஃப்.ஐ.ஆருக்கு அது சுற்று வழி, எஸ்.பி. தபாலுக்கும் மாஜிஸ்திரேட் மனுவுக்கும் அது ஈடாகாது.

பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, ஆள் கடத்தி விற்பது போன்ற சில குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 199-ம் பிரிவில் 6 மாதத்துக்குக் குறையாமல் 2 வருடம் வரை கடுங்காவல் தண்டனை இருக்கிறது. எஸ்.பி.க்கு எழுதும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

ஸ்டேஷனில் அடித்தார்கள், மிரட்டினார்கள், பெண்ணை இருட்டிய பிறகும் உட்கார வைத்தார்கள் என்றால் கண்காணிப்பு கேமரா பதிவு முக்கியம். நாட்டின் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "கேமரா வேலை செய்யவில்லை" என்ற பதில் வரும் முன், நடந்த தேதியையும் மணியையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் மனு அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. லஞ்சம் கேட்டால் கொடுத்துவிட்டுப் புலம்புவதற்குப் பதில், கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-க்குச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு

இதற்குப் பிறகுதான் பலருக்கு நம்பிக்கை வற்றிப்போகிறது, ஏனென்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். நாட்காட்டியில் குறித்து வைத்து, 91-வது நாள் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டியும் கேட்கலாம். "சாட்சி வாக்குமூலம் கொடு" என்று கேட்டால் விசாரணை நடப்பதாகச் சொல்லி மறுத்துவிடுவார்கள். "என் மனு மேல் எந்தத் தேதியில் எந்த அதிகாரி என்ன நடவடிக்கை எடுத்தார்" என்று கேளுங்கள், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை, சட்டமே அப்படித்தான். கையெழுத்துக் கேட்டால் அது மகஜரா (சம்பவ இடத்தைப் பார்க்கும்போதோ பொருளைக் கைப்பற்றும்போதோ எழுதும் தாள்), வேறு ஏதாவதா என்று படித்துப் பாருங்கள்.

ஒரு நாள் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாளை ஏட்டு கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கலாம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்பார். அது உங்கள் வழக்கை முடித்துவைக்கிற அறிவிப்பு. பொருண்மைப் பிழை (புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை), துப்புத் துலங்கவில்லை என்று ஏதாவது காரணம் அதில் இருக்கும். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கிய தேதியைக் கையெழுத்துக்குக் கீழே எழுதி, நகலைக் கேட்டு வாங்கி, தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனுப் போடுங்கள். புகார்தாரர் சொல்வதைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் இந்த வழக்கை மூடக் கூடாது என்பது 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம். இந்த ஒரு தாளைச் சாதாரணமாக நினைத்து மடித்து வைத்ததால் செத்துப்போன வழக்குகளுக்குக் கணக்கில்லை.

கோர்ட்டில்

இங்கே வாங்க வேண்டிய எண் சி.என்.ஆர்., அதாவது உங்கள் வழக்குக்கு மட்டுமே உரிய எண். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16: முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்தது மாவட்டம், பிறகு கோர்ட், வழக்கு வரிசை, கடைசி நான்கு வருடம்.  இ-கோர்ட்ஸ் செயலியில் இதைப் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது, எந்தக் கோர்ட் ஹால் எல்லாம் வரும். இணையம் இல்லாத போனில் ஆங்கில எழுத்தில் ECOURTS என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு இந்த எண்ணைப் போட்டு 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும்.

இந்த எண் தெரியாதவர் வக்கீல் குமாஸ்தாவின் வாயை நம்பியே இருக்க வேண்டும். "ஜட்ஜ் லீவு" என்று சொன்ன நாளில் உண்மையில் நம் தரப்பு வாய்தா கேட்டதா என்று செயலியே காட்டிக் கொடுக்கும். எல்லா வக்கீலும் அப்படி என்று சொல்லவில்லை. வழக்கு இழுப்பதற்கு நீதிபதி இடம் காலியாக இருப்பது, சம்மன் சார்பாகாதது (எதிராளி கையில் சேராதது), சாட்சி வராதது என்று உண்மையான காரணங்களே அதிகம். எது காரணம் என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். சம்மன் சார்பாகவில்லை என்றால் எதிராளியின் சரியான விலாசத்தைக் கொடுங்கள், இரண்டு வாய்தா மிச்சமாகும்.

வக்கீல் ஃபீஸை முதல் நாளே பேசி, மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜி-பே, செக் எதுவாக இருந்தாலும் தடம் இருக்கும்படி கொடுங்கள். வக்காலத்துப் படிவத்தை நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். சமரச அதிகாரத்தையும் வக்கீலுக்குக் கொடுக்கிற வரிகள் அதில் இருக்கும், படியுங்கள். பண வசூல் வழக்கின் கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017 முதல் 3 சதவீதம், லட்சத்துக்கு 3,000 ரூபாய். "கோர்ட் ஃபீஸுக்கு" என்று இதைவிட அதிகம் கேட்டால் கணக்குக் கேட்கலாம். வக்கீலை மாற்ற வேண்டி வந்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை, 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கியைத் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். தராவிட்டால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

காசு இல்லை என்பதால் கோர்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருட வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகாக் கோர்ட்டில் வட்டக் குழு, போனில் 15100. "ஓசி வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா" என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது; ஆளுக்கு ஆள் மாறும். நியமித்தவர் வரவில்லை என்றால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) கட்டணம் இல்லை. நடக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். ஆனால் அங்கே முடிந்தது முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சுற்றி நின்று "போட்டுடுங்க, போட்டுடுங்க" என்பார்கள். தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன என்பது தாளில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வந்தால்

சம்மனை வாங்காமல் ஒளிவது ஊரில் ஒரு தந்திரமாகவே இருக்கிறது. வாங்காவிட்டால் கதவில் ஒட்டுவார்கள், வழக்கு உங்கள் இல்லாமையில் எக்ஸ்பார்ட்டி ஆகும். சிவில் வழக்கில் பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். போலீஸ் விசாரணைக்கு அழைத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ம் பிரிவு நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். அதன்படி நீங்கள் தொடர்ந்து ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ காலில் காக்கி உடையில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவர் திருடன். அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், தேதி வரிசையில், பழையது அடியில் வருமாறு வையுங்கள். மேல் அட்டையில் நான்கு எண்: சி.எஸ்.ஆர்., குற்ற எண், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் எண், சி.என்.ஆர். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தபால் ரசீதை மட்டும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்த வழவழத் தாளில் மை ஒரு வருடம்கூட நிற்காது, வழக்கு அதைவிட அதிக நாள் நிற்கும்.